‘டிஸ்பியூட்’ என்றால் தகராறா? ஒரு ஆங்கிலச் சொல்லும், அதை அழுத்தத் தயங்குவதால் கைவிட்டுப் போகும் உரிமைகளும்

பேமென்ட் ஆப்பில் ‘ரெய்ஸ் டிஸ்பியூட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. கிரெடிட் ரிப்போர்ட் தரும் நிறுவனங்களின் தளத்திலும் ‘டிஸ்பியூட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘டிஸ்பியூட் ரெசல்யூஷன்’ என்று ஒரு பத்தி கண்டிப்பாக வரும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைப் பலர் படிப்பதே இல்லை.

ஆங்கிலத்தில் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும் சாதாரணச் சொற்களில் இதுவும் ஒன்று. ஆனால் வங்கி, வரி, வேலை, நிலம், நதி, நாடு என்று எங்கே வந்தாலும் இந்தச் சொல்லோடு ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. சரியான நேரத்தில் சரியான இடத்தில் ‘டிஸ்பியூட்’ என்று சொன்னவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கலாம். மனசுக்குள்ளேயே ‘இது நியாயமே இல்ல’ என்று புலம்பியவருக்கு எதுவும் கிடைக்காது. அதனால்தான் இந்தச் சொல்லின் பொருளைத் தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம்.

சொல்லின் வேர்: கணக்குப் பார்ப்பது

‘டிஸ்பியூட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘டிஸ்’ என்றால் தனித்தனியாக, பிரித்து. ‘புதாரே’ என்றால் எண்ணுவது, கணக்கிடுவது. இரண்டும் சேர்ந்த ‘டிஸ்புதாரே’ என்ற வினைக்கு, ஒரு கணக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்வது என்பது பழைய பொருள். ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லும் இதே ‘புதாரே’ வேரில் கிளைத்ததுதான்.

நடுக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ‘டிஸ்பியூட்டேஷன்’ என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. ஒருவர் ஒரு கருத்தை முன்வைப்பார், இன்னொருவர் மறுப்பார், ஆசிரியர் முடிவு சொல்வார். 1517-ல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துகளும் இத்தகைய வாதத்துக்கான அழைப்பாகத்தான் வடிவமைக்கப்பட்டன.

தமிழிலும் இதற்கு நெருக்கமான ஒரு பழைய தடம் உண்டு. மணிமேகலையில் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் பகுதியின் பெயர் ‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’. தத்துவம் பேசுபவரைக் ‘கணக்கர்’ என்று சொன்ன மொழி இது. வாதம் என்றால் அடிதடி என்ற எண்ணம் இரண்டு மொழியின் பழைய சொற்களிலும் இல்லை. கணக்குப் பார்க்கும் வேலையாகத்தான் அது இருந்தது.

ஆர்க்யுமென்ட், கம்ப்ளெயின்ட், டிஸ்பியூட்: என்ன வித்தியாசம்?

ஆங்கிலத்தில் இவை ஒன்றுக்கொன்று உறவுக்காரச் சொற்கள். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

டிஸ்அக்ரிமென்ட்: கருத்து வேறுபாடு. இரண்டு பேர் இரண்டு விதமாக நினைத்தால் போதும். ஒருவர் மற்றவரிடம் எதையும் கேட்கவில்லை.

ஆர்க்யுமென்ட்: வாய்ப்பேச்சு. வாக்குவாதமாகவும் இருக்கலாம், காரணங்களை அடுக்கும் தர்க்கமாகவும் இருக்கலாம். ‘ஆபீஸ்ல நேத்து பெரிய ஆர்க்யுமென்ட்’ என்றால் முதல் பொருள். ‘வக்கீல் ஆர்க்யுமென்ட் நல்லா இருந்துச்சு’ என்றால் இரண்டாவது.

கம்ப்ளெயின்ட்: புகார். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலே போதும். ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்பது புகார். நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு சரிசெய்துவிட்டால் அத்தோடு முடிந்தது.

டிஸ்ஸென்ட்: பெரும்பான்மையின் முடிவிலிருந்து விலகி நிற்பது. 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதிய தீர்ப்பு இதற்குப் பெயர்போன உதாரணம்.

டிஸ்பியூட்: இதற்கு இரண்டு பக்கம் வேண்டும். ஒரு பக்கம் ஒன்றைக் கோருகிறது அல்லது உண்மை என்கிறது. மறுபக்கம் அதை மறுக்கிறது. யாராவது ஒருவர் தீர்த்துவைக்க வேண்டிய நிலையில் அது நிற்கிறது.

சுருக்கமாக, கோரிக்கையும் மறுப்பும் நேருக்கு நேர் சந்தித்தால்தான் டிஸ்பியூட். இதைச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்கிறது. அன்றைய நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1924-ல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் ஒரு விளக்கம் தந்தது: சட்டம் குறித்தோ உண்மை குறித்தோ இரு தரப்புக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு, அல்லது சட்டப் பார்வையிலோ நலன்களிலோ உள்ள முரண்பாடு. நூறாண்டு கடந்தும் பன்னாட்டுச் சட்டம் படிப்பவர்கள் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

‘டிஸ்பியூட்டே இல்லை’ என்று உலக நீதிமன்றம் சொன்ன நாள்

இந்தச் சொல்லின் கனம் தெரிய, இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கையே பார்க்கலாம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சின்னஞ்சிறிய நாடு மார்ஷல் தீவுகள். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணு ஆயுதச் சோதனைகளை நடத்தியது. அந்த வடுவோடு வாழும் நாடு, 2014 ஏப்ரலில் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீது தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. அணு ஆயுதக் குறைப்புக்கான பேச்சுவார்த்தைக் கடமையை இவர்கள் நிறைவேற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்றிருந்த நாடுகள் என்ற வகையில் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்றின் மீதான வழக்குகள் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போயின.

2016 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று வழக்குகளும் தள்ளுபடி. காரணம், அணு ஆயுதம் சரியா தவறா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. வழக்குப் போட்ட நாளில் இரு தரப்புக்கும் இடையே ‘டிஸ்பியூட்’ என்ற ஒன்று இருந்ததா? இல்லை என்றது பெரும்பான்மை. மார்ஷல் தீவுகள் பன்னாட்டு மாநாடுகளில் பொதுவாகப் பேசியிருந்தது. ஆனால் ‘உங்கள் நாட்டின் இன்ன நடத்தையை நாங்கள் எதிர்க்கிறோம்’ என்று அந்தந்த நாட்டுக்குப் புரியும்படி குறிப்பாகச் சொல்லவில்லை என்பது நீதிமன்றத்தின் கணிப்பு.

நீதிபதிகளே இதில் ஒத்துப்போகவில்லை. இந்தியா மீதான வழக்கில் 9-க்கு 7 என்று வாக்குகள் பிரிந்தன. பிரிட்டன் வழக்கில் 8-க்கு 8 என்று சமமாகி, தலைவரின் தீர்மானிக்கும் வாக்கால் முடிவு வந்தது. இவ்வளவு சம்பிரதாயம் பார்க்க வேண்டுமா என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. 67 குண்டுகள் வெடித்த மண்ணின் குரலை ஒரு சொல்லின் இலக்கணம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ஆனாலும் அதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. பொதுவாகப் புலம்புவது டிஸ்பியூட் ஆகாது. யாரிடம், எதை, எப்போது மறுத்தோம் என்று காட்ட முடிந்தால்தான் அது டிஸ்பியூட். ஹேக் நகரத்து நீதிமன்றத்துக்கு மட்டுமான விதி அல்ல இது. மொபைலில் இருக்கும் பேங்க் ஆப்புக்கும் பொருந்தும்.

சொல்லை ஒப்புக்கொண்டாலே பாதி தோல்வி?

இதற்கு நேர் எதிரான உத்தியும் உலக அரசியலில் உண்டு. கிழக்குச் சீனக் கடலில் உள்ள சென்காகு தீவுகள் ஜப்பான் வசம் இருக்கின்றன. சீனா அவற்றை தியாவ்யூ என்று அழைத்து உரிமை கோருகிறது. ஜப்பான் அரசின் நிலைப்பாடு, அங்கே தீர்க்க வேண்டிய டிஸ்பியூட் எதுவுமே இல்லை என்பது. அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டாலே எதிர்த்தரப்புக்கும் ஏதோ நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடும் அல்லவா!

அதே ஜப்பான், தென்கொரியா வசம் உள்ள தோக்தோ தீவுகள் விஷயத்தில் (ஜப்பான் வைத்த பெயர் தாகேஷிமா) தலைகீழாகப் பேசுகிறது. ‘இது டிஸ்பியூட்தான், சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் வாங்க’ என்று 1954-லிருந்து கூப்பிடுகிறது. தென்கொரியா சொல்லும் பதில்: ‘டிஸ்பியூட்டே கிடையாது’. கையில் வைத்திருப்பவருக்கு அந்தச் சொல் ஆகாது. கேட்டு நிற்பவருக்கு அந்தச் சொல்தான் முதல் படி.

காவிரியிலும் இந்த முதல் படியை ஏறவே ஆண்டுகள் பிடித்தன. அரசியல் சாசனத்தின் 262-வது பிரிவும், 1956-ம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர் தகராறுகள் சட்டமும் இருந்தன. நடுவர் மன்றம் அமைக்கும்படி 1986-ல் தமிழ்நாடு கேட்டது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 1990 ஜூன் 2 அன்றுதான் அது அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 டி.எம்.சி. ஆக்கியது. ‘இது பேசித் தீராத டிஸ்பியூட்’ என்று அதிகாரபூர்வமாக ஆவதற்கே நான்கு ஆண்டுகள். 2002-ல் செய்த சட்டத் திருத்தம், மாநிலம் கோரிக்கை வைத்தால் ஓராண்டுக்குள் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்று சொன்னது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

பேங்க் அக்கவுன்ட்டில் அந்தச் சொல்

இனி அன்றாட விஷயத்துக்கு வரலாம். பணம் போய்விட்டது என்றால் மூன்று விதமான நிலைமைகள் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வார்த்தையில் புகார் சொன்னால் சிக்கல்தான்.

முதலாவது, டிரான்சாக்‌ஷன் பாதியில் நின்றது. அக்கவுன்ட்டில் பணம் கழிந்துவிட்டது, மறுமுனைக்குப் போகவில்லை. இதில் மறுப்பதற்கே ஒன்றும் இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, யு.பி.ஐ.-யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்திய தொகைக்கும், ஏ.டி.எம்.-மில் வராத பணத்துக்கும் 5 நாள் கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, ‘அட, இது நான் பண்ணவே இல்லையே’ என்னும் பரிவர்த்தனை. அனுமதியில்லாமல் நடந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின் உயிர்நாடி இங்கேதான். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் தெரிவித்தவருக்கு இழப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வரை இழப்பு. சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் அது ரூ.10,000. அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

தெரிவித்த பிறகு 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் தவறுதான் என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. மூன்று நாள் தாமதித்தவர்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பையும்தான்.

மூன்றாவது, ஏமாந்து தானே பின் நம்பர் போட்டு அனுப்பியது, அல்லது ஓ.டி.பி. சொல்லிவிட்டது. இது சட்டத்தின் பார்வையில் கடினமான இடம். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

வங்கி 30 நாளுக்குள் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: ‘வங்கிகிட்ட எழுத்துல சொன்னீங்களா?’ மார்ஷல் தீவுகளிடம் கேட்ட அதே கேள்வி.

கிரெடிட் ரிப்போர்ட், வரி, இன்வாய்ஸ்

வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது, என்றோ அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று கிரெடிட் ரிப்போர்ட்டில் இருப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்தால் டிஸ்பியூட் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதன் பிறகு நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இந்த விதி அமலில் இருக்கிறது.

வருமான வரித் தளத்தில் பாக்கி இருப்பதாக டிமாண்ட் வந்தால், ‘டிமாண்ட் சரி’ என்றும், ‘டிஸ்அக்ரி’ என்றும் இரண்டு வழிகள் இருக்கும். முழுத் தொகையையும் மறுக்கலாம், ஒரு பகுதியை மட்டும் மறுத்துக் காரணம் சொல்லலாம். பதிலே போடாமல் விட்டால், பின்னால் வரவேண்டிய ரீஃபண்டில் அந்தத் தொகை கழிக்கப்படும் வாய்ப்பு அதிகம். மௌனம் சம்மதம் என்பது பழமொழி மட்டுமல்ல, போர்ட்டலின் நடைமுறையும்தான்.

சின்ன நிறுவனம் நடத்துபவர்களுக்கு இதே சொல் மறுபக்கத்திலிருந்து உதவும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கோ சேவையோ பெற்றவர் 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், அவர் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஆறு மாதம் கழித்து ‘வேலை சரியில்ல, அதான் காசு தரல’ என்று சொல்வது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

பெரிய தொகையிலும் இதே தர்க்கம்தான். திவால் சட்டத்தின் கீழ் பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால், 10 நாளுக்குள் ‘இதில் ஏற்கெனவே டிஸ்பியூட் இருக்கிறது’ என்று கம்பெனி காட்ட வேண்டும். 2017-ல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், அந்த டிஸ்பியூட் உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும், தப்பிப்பதற்காக நோட்டீஸ் வந்த பிறகு ஜோடித்ததாக இருக்கக் கூடாது என்பது. சரியான நாளில் அனுப்பிய ஒரு மெயில் அங்கே பெரிய ஆதாரம்.

வேலையிடத்தில் ‘ஒருத்தர்’ போதுமா?

1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வந்தபோது, ஒரு தனித் தொழிலாளியின் குறை தானாகவே ‘இண்டஸ்ட்ரியல் டிஸ்பியூட்’ ஆகிவிடவில்லை. தொழிற்சங்கமோ சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் பிரச்னையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1965-ல் 2ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் பிறகுதான், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் தனியாளாக நின்றாலும் அது தொழில் தகராறு என்று ஆனது. சங்கம் பின்னால் வராவிட்டாலும் சட்டத்தின் முன் தனி ஒருவரின் மறுப்புக்கு மதிப்புக் கிடைத்தது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பணிநீக்கம் பற்றிய தனிநபர் டிஸ்பியூட் அதிலும் உண்டு. ஆனால் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான் இந்தப் பாதை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள். இதில் பார்க்க வேண்டியது விசிட்டிங் கார்டில் உள்ள பதவியின் பெயரை அல்ல, உண்மையில் செய்யும் வேலையின் தன்மையை. கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டிருந்தும் கீழே ஒருவர்கூட இல்லாத எத்தனையோ பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க

‘டிஸ்பியூட்’ வினையாக வரும்போது அதற்குப் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். ‘ஐ டிஸ்பியூட் திஸ் சார்ஜ்’ என்றால் முடிந்தது. பெயர்ச்சொல்லாக வரும்போது யாரோடு என்பதற்கு ‘வித்’, எதைப் பற்றி என்பதற்கு ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’.

மீட்டிங்கில் ‘ஐ’ம் நாட் டிஸ்பியூட்டிங் தட்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘அதை நான் மறுக்கலை’ என்று அர்த்தம். பின்னாலேயே ஒரு ‘பட்’ வரும், உஷார்! உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில், ‘பியூட்’டில் விழுவதே பொதுவழக்கு.

‘அன்டிஸ்பியூட்டட்’ என்றால் மறுக்க ஆளில்லாத என்று பொருள். 1993-ல் காஸ்பரோவும் ஷார்ட்டும் ஃபிடேயிலிருந்து விலகிய பிறகு, செஸ் உலகத்தில் இரண்டு சாம்பியன் பட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2000-ல் விஸ்வநாதன் ஆனந்த் ஃபிடே பட்டம் வென்றபோது இன்னொரு பட்டம் கிராம்னிக்கிடம் இருந்தது. 2006-ல் இரண்டும் ஒன்றாயின. 2007-ல் மெக்சிகோ சிட்டியில் வென்ற ஆனந்தை ‘அன்டிஸ்பியூட்டட்’ சாம்பியன் என்று எழுதியது அந்தக் கணக்கில்தான்.

தமிழில் என்ன சொல்வது?

இங்கேதான் சிக்கல். அதிகம் புழங்கும் சொல் ‘தகராறு’. அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. உருது வழியாக வந்து சேரும்போது அது வாய்ச்சண்டை ஆகிவிட்டது. இன்று ‘தகராறு செய்தவர் கைது’ என்பது குடிபோதைச் செய்தியின் தலைப்பு. இந்தச் சொல்லில் தகராறு ‘செய்பவர்’ எப்போதும் குற்றவாளி. தன் பணத்தைக் கேட்கும் ஒருவரிடம் ‘தகராறு எழுப்புங்கள்’ என்றால் அவர் தயங்கத்தானே செய்வார்?

தொழிற்சங்கத்துக்காரர்கள் ‘தொழில் தாவா’ என்பார்கள். தாவாவும் அரபி மூலம்தான், உரிமை கோருதல் என்பது பொருள். ‘டிஸ்பியூட்’டுக்கு நெருக்கமான சொல். ஆனால் தொழிற்சங்க வாசலைத் தாண்டி அதிகம் புழங்கவில்லை. இலங்கைத் தமிழில் ‘பிணக்கு’ நிலைத்துவிட்டது. அங்கே 1950-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்துக்கே ‘கைத்தொழில் பிணக்குகள் சட்டம்’ என்றுதான் பெயர். ‘சர்ச்சைக்குரிய’ என்பது இடத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தும், பேங்க் கணக்குக்குப் பொருந்தாது. ‘வழக்கு’ என்றால் கோர்ட் வாசம் வந்துவிடுகிறது.

நில அளவை அலுவலகத்திலும் வாக்காளர் பட்டியலிலும் ஏற்கெனவே மக்களுக்குப் பழகிய ஒரு சொல் இருக்கிறது: ‘ஆட்சேபணை’. இன்னும் எளிமையாக ‘மறுப்பு’. ‘இந்தத் தொகையை மறுக்கிறேன்’ என்ற பட்டனை அழுத்த யாரும் பயப்பட மாட்டார்கள். அது சண்டைக்கு அழைப்பதில்லை. கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. சொல்லின் லத்தீன் வேரும் அதைத்தானே சொன்னது?

மறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமா உரிமை?

மேலே சொன்ன ஒவ்வொரு விதியும் நல்ல விதிதான். ஆனால் 3 நாள், 10 நாள், 15 நாள், 30 நாள் என்று எல்லாமே ஒருவர் வாய் திறந்து மறுத்த பிறகே பயன் தருகின்றன. அந்த வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது, அதுவும் நான்கைந்து மெனுவுக்கு உள்ளே. ஆங்கிலம் படித்த ஐ.டி. ஊழியருக்கே அது புகாரா, வழக்கா, சண்டையா என்ற குழப்பம். மாதச் சம்பளம் அக்கவுன்ட்டில் வாங்கும் துப்புரவுப் பணியாளரும், உதவித்தொகை வாங்கும் முதியவரும் அந்தப் பட்டன் வரை எப்படிப் போவார்கள்? கெடு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பணம் கழிந்ததைச் சொல்லும் எஸ்.எம்.எஸ். தமிழில் வர வேண்டும். ‘இது நீங்கள் செய்யவில்லையா?’ என்ற கேள்வி அதிலேயே இருக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் மறுக்க வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். மறுத்ததற்கான எண்ணும் தேதியும் தமிழில் கைக்கு வர வேண்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கடன் வேண்டுமா என்று தமிழில் மெசேஜ் அனுப்பத் தெரிந்த வங்கிகளுக்கு இது கஷ்டமான வேலையா என்ன?

அது வரும்வரை, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு. யாரிடம் மறுக்கிறோம், எந்தத் தொகையை அல்லது எந்த வரியை மறுக்கிறோம், எந்தத் தேதியில் மறுத்தோம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டில் அப்பா அம்மாவின் போனில் வங்கியின் புகார் எண்ணையும் 1930-ஐயும் சேவ் செய்துவைக்க இரண்டு நிமிடம் போதும்.